கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம்

கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய அண்டை நாடுகள் 1967-இல் தொடங்கிய கூட்டமைப்பு. 1977-இல் கலைந்து, 2000-இல் மறுபிறவி எடுத்தது. தலைமையகம் தான்சானியாவின் அருஷா நகரில் உள்ளது.

இதன் வேர் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இருக்கிறது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து போட்ட ரயில் பாதை 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. 1917-இல் கென்யாவும் உகாண்டாவும் ஒரே சுங்க எல்லைக்குள் வந்தன. பின்னர் இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான தங்கனிக்காவும் சேர்ந்தது. நாணயம், தபால், ரயில் எல்லாம் பொதுவாயின. ஆள்வோரின் வசதிக்காக வந்த ஒற்றுமைதான் என்றாலும், அதை இழக்கத் தங்கனிக்காவின் தலைவர் ஜூலியஸ் நைரேரேவுக்கு மனமில்லை. மூன்று நாடுகளும் ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறுமானால், தங்கனிக்காவின் விடுதலையைத் தள்ளிப்போடவும் தயார் என்று 1960-இல் அறிவித்தார். விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவர் இப்படிச் சொன்னது அபூர்வம். 1963-க்குள் கூட்டாட்சி அமைப்பதாக மூன்று நாட்டுத் தலைவர்களும் நைரோபியில் கையெழுத்திட்டார்கள், ஆனால் அது கைகூடவில்லை.

சிக்கல் ஆதாயப் பங்கீட்டில் இருந்தது. தொழிற்சாலைகள் பெரும்பாலும் கென்யாவில் குவிந்தன. மற்ற இரண்டும் அதன் சரக்குக்குச் சந்தையாயின. 1967 ஒப்பந்தம் இதைச் சரிசெய்ய முயன்றது. கென்யாவிலிருந்து வரும் சரக்கைப் போன்றதைத் தாமும் தயாரித்தால், அதன்மீது மற்ற இரு நாடுகளும் ஒரு வரி விதிக்கலாம். ரயில்வே தலைமையகம் நைரோபியில், துறைமுகத் தலைமையகம் தாருஸ்ஸலாமில், தபால்துறை கம்பாலாவில் என அலுவலகங்களும் பங்கிடப்பட்டன. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் காலம் கடந்து வந்தது.

1971-இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். அவரோடு ஒரே மேசையில் உட்கார நைரேரே மறுத்ததால், மூன்று தலைவர்களும் கூடி முடிவெடுக்க வேண்டிய உச்ச அவை அதன்பின் கூடவே இல்லை. தலைவர்களின் உறவையே ஒற்றைத் தூணாக நம்பிக் கட்டியதே பெரும் பிழை. 1977-இல் பொது விமான நிறுவனம் முறிந்தது. தான்சானியா கென்ய எல்லையை மூடியது. சொத்துப் பிரிவினை 1984-இல்தான் முடிந்தது. கம்பாலாவிலிருந்த வளர்ச்சி வங்கி போன்ற சில அமைப்புகள் மட்டும் தப்பிப் பிழைத்தன.

1999-இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2005-இல் சுங்க ஒன்றியமும் 2010-இல் பொதுச் சந்தையும் அமைந்தன. ருவாண்டா, புருண்டி, தென் சூடான், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சோமாலியா ஆகியவை சேர்ந்து உறுப்பு நாடுகள் எட்டாயின. கென்யா-உகாண்டா இடையிலுள்ள மலாபா போன்ற எல்லைகளில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், லாரிகள் இரண்டு இடத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சாதாரண மக்களுக்குக் கிடைத்த உண்மையான பலன் இதுவே. ஆனாலும் 2019-இல் உகாண்டாவுடனான பூசலில் ருவாண்டா மூடிய கத்துனா எல்லை 2022-இல்தான் திறந்தது. 2024-க்கு என்று குறித்த பொது நாணயமும் 2031-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.