கிறீச்சிட்ட இடுப்பு: மூட்டு மருத்துவத்தின் கதை

இன்னைக்குக் கதை ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது.

1950கள், இங்கிலாந்து. ஒருத்தருக்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போய், தொடை எலும்போட உருண்டைத் தலையை வெட்டிட்டு அக்ரிலிக் பந்து ஒண்ணு வச்சிருந்தாங்க. அன்னைக்கு அதுதான் லேட்டஸ்ட் டெக்னாலஜி. ஆனா அவர் அசையும்போதெல்லாம் கிறீச்சுனு சத்தம் வரும். அந்தச் சத்தம் தாங்காம, அவர் இருக்கிற ரூம்ல மனைவி இருக்கவே மாட்டாங்களாம். மத்தவங்களுக்கு இது வேடிக்கை. ஜான் சார்ன்லிங்கற எலும்பு டாக்டருக்கு மட்டும் இது ஒரு பக் ரிப்போர்ட். சத்தம் வருதுன்னா உராய்வு இருக்கு, உராய்வு இருந்தா அந்தப் பந்து சீக்கிரமே எலும்புல ஆட்டம் காணும். அப்படித்தான் ஆச்சு.

சார்ன்லிகிட்ட திரும்ப வருவோம். அதுக்கு முன்னாடி, மூட்டு ஏன் கெடுதுன்னு பார்க்கணும்.

தேய்மானத்தால கெடுற மூட்டு ஒரு வகை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், தமிழ்ல முடக்குவாதம், வேற வகை. இதுல நம்ம எதிர்ப்புச் சக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்குது. சவ்வு வீங்கி, தடிச்சு, பக்கத்துல இருக்கிற குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்குது. வயசானவங்க வியாதின்னு நினைக்காதீங்க, முப்பது வயசுலயே வரலாம். எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. காலையில எழுந்து ஒரு டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

உடம்பு தன்னையே தாக்குதுங்கற யோசனைக்கு முக்கியமான தடயம் நார்வேயில கிடைச்சது. எரிக் வாலர், ஓஸ்லோவுல ஒரு ஆய்வாளர். அவர் பரிசோதனைக்கு ஆட்டோட சிவப்பணுக்களை, முயலோட ஆன்டிபாடி பூசி வச்சிருந்தார். முடக்குவாதம் இருந்த ஒரு நோயாளியோட சீரத்தை அதுல சேர்த்தப்ப, அணுக்கள் கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு. அப்படி நடக்கக்கூடாது. சோதனை சொதப்பிடுச்சுன்னு குழாயைக் கழுவி வச்சிட்டுப் போயிருக்கலாம். அவர் போகலை, தொடர்ந்து பார்த்து 1940ல வெளியிட்டார். அதே வருஷம் ஜெர்மனி நார்வேக்குள்ள புகுந்துடுச்சு. உலகம் அந்தக் கட்டுரையைக் கவனிக்கிற நிலையில இல்லை. 1948ல நியூயார்க்ல ஹாரி ரோஸோட குழு அதே விஷயத்தைத் தனியா கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் அந்தச் சோதனைக்கு வாலர்-ரோஸ்னு பேரு.

நம்ம லேப் ரிப்போர்ட்ல 'ஆர்ஏ ஃபேக்டர்'னு ஒரு வரி வருமே, அதோட ஆரம்பம் இதுதான். அது என்னன்னா, ஆன்டிபாடிக்கு எதிரான ஆன்டிபாடி. போலீஸையே பிடிக்கிற போலீஸ் மாதிரி. ஆனா ஒண்ணு: வியாதியே இல்லாத சிலருக்கும், முக்கியமா வயசானவங்களுக்கு, இது பாசிட்டிவா வரும். வியாதி இருந்தும் நெகட்டிவா வர்றவங்களும் உண்டு. மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல அந்த ஒரு வரி சிவப்பா வந்ததும் ராத்திரி முழுக்க கூகுள் பண்ணாதீங்க. மூட்டுல வீக்கம் இருக்கா, காலையில விறைப்பு எவ்வளவு நேரம்னு டாக்டர் கேட்கிற கேள்விகளோட சேர்த்துப் பார்த்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம்.

அதே 1948ல அமெரிக்காவுல இன்னொண்ணு நடக்குது. மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர். மஞ்சள் காமாலை வந்தா சில முடக்குவாத நோயாளிகளுக்கு வலி குறையுது, கர்ப்பமா இருக்கும்போதும் குறையுதுன்னு 1929ல இருந்தே கவனிச்சு வந்தவர். உடம்புக்குள்ள ஏதோ ஒண்ணு சுரக்குது, அது என்ன? கூட வேலை பார்த்த எட்வர்ட் கெண்டல், அட்ரினல் சுரப்பியில இருந்து பிரிச்செடுத்த 'காம்பவுண்ட் ஈ'யை ட்ரை பண்ணிப் பார்த்தாங்க. செப்டம்பர் 21ஆம் தேதி, படுத்த படுக்கையா இருந்த 29 வயசுப் பெண்ணுக்கு முதல் ஊசி. ஒரு வாரத்துல அவங்க கடைத்தெருவுக்குப் போய் மூணு மணி நேரம் ஷாப்பிங் பண்ணிட்டு வந்தாங்க. அந்த மருந்துதான் கார்ட்டிசோன். 1950ல கெண்டல், ஹென்ச், ஸ்விட்சர்லாந்தோட ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல்.

அப்புறம்தான் பில் வந்தது. வீங்கின முகம், மெலிஞ்ச எலும்பு, சிலருக்கு மனநிலைத் தடுமாற்றம். மருந்தை நிறுத்தினா வலி திரும்ப வந்து நின்னுச்சு. ஸ்டீராய்டு இன்னைக்கும் தேவையான மருந்துதான், அளவோட கொடுத்தா. ஆனா ஏற்கெனவே அரிச்சுப்போன மூட்டை அது திருப்பிக் கொடுக்காது. அங்கதான் சார்ன்லி வர்றார்.

விகன் ஊருக்குப் பக்கத்துல ரைட்டிங்டன்னு ஒரு ஆஸ்பத்திரி. முன்னாடி காசநோய் சானடோரியமா இருந்தது. அங்க சார்ன்லி ஒரு பட்டறையே வச்சிருந்தார். நம்ம மூட்டு இயற்கையா பனிக்கட்டியை விட வழுக்கலானது. அதை எதை வச்சு நகலெடுக்கறது? டெஃப்ளான். ஆமா, நம்ம நான்-ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கிற அதேதான். இடுப்புக் கிண்ணத்துக்கு டெஃப்ளான், தொடைப்பக்கம் சின்ன எஃகு பந்து, ரெண்டையும் எலும்போட பிடிக்க வைக்க அக்ரிலிக் சிமென்ட். நடக்க முடியாதவங்க நடந்தாங்க. 1958ல இருந்து சுமார் 300 பேருக்குப் பண்ணிட்டார்.

ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் கெட ஆரம்பிச்சது. டெஃப்ளான் வேகமா தேய்ஞ்சது. அது மட்டுமில்லை, தேய்ஞ்சு உதிர்ந்த துகள்களுக்கு எதிரா உடம்பு கொந்தளிச்சு, மூட்டைச் சுத்தி சீஸ் மாதிரி ஒரு பொருள் சேர்ந்து எலும்பையே கரைச்சது. சாஃப்ட்வேர்ல தப்பான ரிலீஸ் போனா ரோல்பேக் பண்ணிடலாம். இங்க ஒவ்வொரு ரோல்பேக்கும் ஒரு மனுஷனை மறுபடி கிழிச்சுத் திறக்கறது. சார்ன்லி அந்தத் துகளைத் தன் தொடையிலேயே வச்சுப் பார்த்தார். அதோட இன்னொரு பிளாஸ்டிக்கையும் வச்சார். மாசங்கள் கழிச்சுத் தொட்டா, டெஃப்ளான் வச்ச இடம் மட்டும் பெருசா வீங்கியிருந்தது. 1963ல லான்செட் இதழுக்குக் கடிதமா எழுதினார், தன் உடம்புல நடந்ததை.

அந்த இன்னொரு பிளாஸ்டிக் எப்படி வந்ததுங்கறது எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச பகுதி. 1962ல ஒரு சேல்ஸ்மேன், லங்காஷயர் நெசவு மில் மெஷின்களோட பல்சக்கரத்துக்குப் பயன்படுற பாலிஎத்திலீனை ரைட்டிங்டன் பட்டறைக்குக் கொண்டு வந்தார். சார்ன்லி அதை நகத்தால அழுத்திப் பார்த்துட்டு, இது வேலைக்கு ஆகாதுன்னு போயிட்டார். பட்டறையில இருந்த டெக்னீஷியன் ஹாரி க்ரேவன், பாஸ் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து அதைத் தேய்மான மெஷின்ல மாட்டி விட்டுட்டார். மூணு வாரம் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாள்ல தேயற அளவுக்குக்கூட அது தேயலை. அதே வருஷம் நவம்பர்ல முதல் நோயாளிக்கு அது வைக்கப்பட்டது. இன்னைக்கும் இடுப்பு மூட்டுல பாலிஎத்திலீன் குடும்பம்தான் பெரும்பாலும் இருக்கு. ஆபரேஷன் அறையில காற்றை வடிகட்டி அனுப்பற ஏற்பாட்டையும் சார்ன்லியே வடிவமைச்சார். 100ல 7 பேர் அளவுக்கு இருந்த தொற்று, ஒண்ணுக்கும் கீழே போச்சு. ஸ்டீராய்டு எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருந்த முடக்குவாத நோயாளிகளுக்கு இது உயிர் சமாசாரம்.

மூட்டை மாத்தற நிலைமையே வராம தடுக்க முடியுமா? அந்தப் பக்கத்துல பெரிய அடி 1992ல, லண்டன்ல விழுந்தது. மார்க் ஃபெல்ட்மேன், அப்புறம் லூதியானாவில பிறந்து உகாண்டாவில வளர்ந்த ரவீந்தர் மைனி. கெட்டுப்போன மூட்டோட சவ்வை ஆய்வகத்துல வளர்த்து, டிஎன்எஃப்ங்கற ஒரே ஒரு சிக்னலை நிறுத்தினா மத்த வீக்க சிக்னல்களும் அடங்குதுன்னு அவங்க குழு காட்டியிருந்தது. அதை வச்சுச் சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில 20 நோயாளிகளுக்கு ஒரு ஆன்டிபாடி மருந்து கொடுத்தாங்க. வேலை செஞ்சது. அதுதான் இன்ஃப்ளிக்சிமாப். ஆன்டிபாடி கிளப்பிவிட்ட வியாதிக்கு ஆன்டிபாடியே மருந்து.

இதுக்கும் ஒரு விலை இருக்கு. டிஎன்எஃப்தான் உடம்புக்குள்ள தூங்கற காசநோய்க் கிருமியைச் சுத்தி வேலி போட்டு வச்சிருக்கு. அதை அடக்கினா வேலி உடையலாம். நம்ம ஊர்ல அந்தக் கிருமியைச் சுமக்கறவங்க ரொம்ப அதிகம். அதனாலதான் பெரியம்மாவுக்கு இந்த ஊசியைப் பத்திப் பேச்சு வந்ததும், டாக்டர் முதல்ல எழுதிக் கொடுத்தது நெஞ்சு எக்ஸ்ரேவும் காசநோய்ப் பரிசோதனையும்.