நிறுத்தச் சொல்லும் அதிகாரம்: இந்திய அணு உலைகளில் பாதுகாப்பு மேற்பார்வையின் வரலாறு

அணுமின் நிலையத்தில் கோளாறு வருவது புதிதல்ல. வெப்பமும் அழுத்தமும் கதிர்வீச்சும் ஓயாமல் தாக்கும் இடத்தில் குழாய் அரிக்கும், வால்வு கசியும், டர்பைன் தகடு முறியும். வரலாற்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். கோளாறு தென்பட்டபோது அது யாரிடம் சொல்லப்பட்டது? கேட்டவருக்கு உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருந்ததா? அந்த அதிகாரம் யாருடைய தயவில் இருந்தது? இக்கட்டுரை இந்திய அணு உலைகளின் சில முக்கிய நிகழ்வுகளை இந்தக் கேள்விகளோடு வரிசைப்படுத்திப் பார்க்கிறது. பொறியியல் பாடங்களை அணுசக்தித் துறை விபத்துக்குப் பிறகாவது கற்றுக்கொண்டது. நிறுவன அமைப்பு பற்றிய பாடத்தை மட்டும் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது. அதன் விளைவாக, மேற்பார்வையின் வலிமை சட்டத்தைவிடத் தலைவராக வந்தவரின் துணிவையே அதிகம் நம்பியிருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரே கூரையின் கீழ் (1948–1983)

அணுசக்தி ஆணையம் 1948-இல் அமைந்தது. 1954-இல் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அணுசக்தித் துறை உருவானது. ஆணையத்தின் தலைவரே துறையின் செயலர் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 17ஆம் பிரிவின் மூலம் மத்திய அரசுக்குத் தந்தது. தகவல்கள் வெளியாவதைத் தடுக்கும் அதிகாரத்தை அடுத்த பிரிவே தந்துவிட்டது. இந்த 18ஆம் பிரிவு பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை பேசப்படவிருந்தது.

1969-இல் தாராப்பூர் உலைகள் மின்சாரம் தரத் தொடங்கின. அன்று பாதுகாப்பை ஆராய்ந்தவை துறைக்குள்ளேயே அமைக்கப்பட்ட குழுக்கள். 1975-இல் அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் விபத்து நிகழ்ந்த 1979-இல் வி. என். மெக்கோனி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒழுங்குமுறைப் பணிக்குத் தனி அமைப்பு தேவை என்று அது 1981-இல் பரிந்துரைத்தது. அதன்படி 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பிறந்தது.

வாரியம் பிறந்த விதத்தில்தான் சிக்கல். நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் அன்று அதற்கு இல்லை. 1962 சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ், அரசு தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஆணை ஒன்றின் வழியே ஒப்படைத்தது. அப்படி ஒப்படைத்ததை இன்னோர் ஆணையால் குறைக்கவும் முடிந்தது. வாரியம் அறிக்கை தர வேண்டியது ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரோ துறைச் செயலர். 1987-இல் உருவாகி உலைகளை இயக்கிவரும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ். கண்காணிக்கப்படுபவரும் கண்காணிப்பவரும் ஒரே மேலதிகாரியிடம் போய் நின்றார்கள்.

கல்பாக்கம்: உடைந்த குழாய்கள்

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில், அதாவது வாரியம் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தொடர்வினையை எட்டியது. இரண்டாவது உலை 1985-இல் அந்நிலையை அடைந்தது. இவை இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும் கனநீரைத் தணிப்பானாகவும் கொண்டவை. தணிப்பான் கனநீர் உலைக் கலனுக்குள் நுழையும் உட்செலுத்து குழாயமைப்பு, நீரோட்டம் உண்டாக்கிய அதிர்வால் உடைந்துபோனது. 1988, 1989ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து இரு உலைகளிலும் உலோகத் துண்டுகள் அகப்பட்டன.

கதிர்வீச்சு மிகுந்த அந்த இடத்தில் ஆள் இறங்கி வேலை செய்ய வழியில்லை. கனநீர் பாயும் பாதையை மாற்றி உலைகளை ஓட்டினார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் வெப்பத்தை முழுதாக எடுக்க இயலாததால் ஒவ்வோர் உலையின் திறனும் ஏறத்தாழ 170 மெகாவாட்டுக்குக் குறைக்கப்பட்டது. 2000-க்குப் பின் குளிர்விப்புக் குழாய்களை மொத்தமாக மாற்றியபோது புதிய செலுத்து குழாய்களும் பொருத்தப்பட்டன. அதன்பிறகே 220 மெகாவாட் மீண்டும் சாத்தியமாயிற்று. மின் உற்பத்தியை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பைக் காத்த நல்ல உதாரணம் இது. துறையின் பொறியாளர்களுக்குத் திறமைக் குறைவு இல்லை என்பதற்கும் இதுவே சான்று.

நரோரா: பதினேழு மணி நேர இருள்

உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலை மூன்றரை மணியளவில் முதல் உலையின் டர்பைனில் இரண்டு தகடுகள் முறிந்தன. சமநிலை இழந்த எந்திரம் கடுமையாக அதிர, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள் தடங்களின் வழியே பரவியது. பிரதான மின் கேபிள்களும் மாற்று ஏற்பாட்டுக்கான கேபிள்களும் போதிய தடுப்பில்லாமல் அருகருகே சென்றதால் இரண்டும் ஒருசேரக் கருகின. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் அவற்றின் மின்சாரம் போய்ச்சேர வழியில்லை. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழு இருளில் கிடந்தது.

உலை உடனே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் நிறுத்திய உலையும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்தது. அளவீடுகள் எதுவும் தெரியவில்லை. ஊழியர்கள் சிலர் கையில் டார்ச் விளக்கோடு உலைக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். தொடர்வினை மீண்டும் தலைதூக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. டீசலால் இயங்கும் தீயணைப்புப் பம்புகளின் தண்ணீரை நீராவிக் கலன்களுக்குத் திருப்பி உலையைக் குளிர்வித்தார்கள். சர்வதேச அளவுகோலில் இந்நிகழ்வு 3ஆம் நிலை என வகைப்படுத்தப்பட்டது.

அவ்வகைத் தகடுகளின் வடிவமைப்பில் குறை இருப்பதை மூல வடிவமைப்பாளரான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1989-லேயே தெரிவித்திருந்தது. உரிமம் பெற்றுத் தயாரித்த பெல் நிறுவனம் திருத்திய வரைபடத்தையும் கொடுத்திருந்தது. தகடுகள் விபத்துக்கு முன் மாற்றப்படவில்லை. கேபிள்களைப் பிரித்துப் பதிக்க வேண்டும் என்பதும் 1975-இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி தீவிபத்து உலகுக்கே சொல்லிவிட்ட பாடம். ஆக, நரோராவில் எச்சரிக்கைக்குப் பஞ்சம் இல்லை. எச்சரிக்கை வந்தால் இத்தனை நாளுக்குள் செயல்பட்டே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திக்கும் ஆள்தான் இல்லை.

134 குறைகள்

1994 மே 13 அன்று கர்நாடகத்தின் கைகாவில், கட்டுமானத்தில் இருந்த உலையின் உட்கவிகைக் கூரையிலிருந்து ஏறத்தாழ 130 டன் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அடுத்த மாதமே குஜராத்தின் காக்ராபாரில் பெருமழை வெள்ளம் டர்பைன் கட்டடத்துக்குள் புகுந்தது. பதினைந்து மாதங்களில் நெருப்பும் கான்கிரீட்டும் வெள்ளமும் மூன்று வெவ்வேறு பலவீனங்களைக் காட்டிவிட்டன.

அப்போது வாரியத் தலைவராக இருந்தவர் ஏ. கோபாலகிருஷ்ணன் (1993–1996). அவர் காலத்தில் துறையின் நிலையங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, 134 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்ட அறிக்கை 1995-இல் ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. அறிக்கை வெளியிடப்படவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் அதைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 18ஆம் பிரிவின் இரகசியத்தை ஏற்றுக்கொண்டது.

பதவிக்காலம் முடிந்தபின் கோபாலகிருஷ்ணன் வெளிப்படையாக எழுதினார். வாரியத்தின் மதிப்பீட்டுக் குழுக்களில் 95 சதவீதத்தினர் துறையிடம் சம்பளம் வாங்குபவர்கள் என்பது அவர் சுட்டிய முக்கியமான குறை. வாரியம் நடைமுறையில் சுதந்திரமாகவே இயங்குகிறது என்பது துறையின் பதில். குறைகள் பலவும் பின்னர் படிப்படியாகச் சரிசெய்யப்பட்டன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் எவை, எப்போது, எந்த அளவுக்கு என்று சரிபார்க்கப் பொதுமக்களிடம் மூலப் பட்டியலே இல்லை.

சுருங்கிய எல்லை

ஆணையால் தந்ததை ஆணையால் எடுக்கலாம் என்பது 2000-இல் மெய்ப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வசதிகள் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவிடம் விடப்பட்டன. கல்பாக்கத்தில் உள்ள எரிபொருள் மறுசெயலாக்க ஆலையும் அதில் அடக்கம்.

2003 ஜனவரியில் அந்த ஆலையில் ஒரு வால்வு பழுதானது. உயர் கதிரியக்கக் கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் கலந்துவிட்டது. அது தெரியாமல் ஊழியர்கள் வழக்கம்போல் மாதிரி எடுத்தார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சை அறிவிக்கும் கருவி இல்லை. மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் ஆறு பேர் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாகிவிட்டார்கள். முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று ஊழியர் சங்கம் கோரிக்கை வைத்தது. ஒரே வளாகத்தில் மின் உலைகளுக்கு வாரியத்தின் பார்வையும், பக்கத்து ஆலைக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்த காலம் அது.

ஆழிப்பேரலையும் தணிக்கையும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கல்பாக்கத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டு, ஒரு வாரத்தில் மீண்டும் இயங்கியது. ஆனால் அருகில் அதிவேக ஈனுலைக்காகத் தோண்டிய அடித்தளக் குழி மூழ்கிப்போனது.

2011-இல் புகுஷிமா விபத்துக்குப்பின் அணு பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா அந்த ஆண்டு செப்டம்பரில் மக்களவைக்கு வந்தது. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை வாரியத்தின் கீழ்நிலையை வெளிப்படையாகச் சொன்னது. 1983 ஆணை பணித்த பாதுகாப்புக் கொள்கையைக்கூட வாரியம் வகுக்கவில்லை. விதிகளை மீறுவோருக்கான அபராதம் அப்போது 500 ரூபாயைத் தாண்டவில்லை. ஆயினும் 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. மறு ஆண்டு வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும் வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் பதிக்கும்படி பரிந்துரைத்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம்தான் வாரியத்துக்குச் சட்டத் தகுதியைக் கொடுத்தது. மெக்கோனி குழு அறிக்கைக்கும் இதற்கும் இடையே 44 ஆண்டுகள்.

முடிவுரை

சட்டத் தகுதி அவசியம். அது மட்டும் போதாது என்பதற்கு மேலே கண்ட நிகழ்வுகளே ஆதாரம். நரோராவில் இல்லாமல்போனது எச்சரிக்கையைக் கெடுவோடு நிறைவேற்றவைக்கும் அதிகாரம். 134 குறைகளின் அறிக்கையில் இல்லாமல்போனது வெளியிடும் கடமை. 2003-இல் இல்லாமல்போனது எல்லா வசதிகளையும் தழுவும் எல்லை. புதிய சட்டத்தின்கீழ் வாரியத்தின் செயல்பாட்டை இனி வரும் ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் வைத்தே எடைபோட வேண்டும். அவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்பவர்களுக்குச் சம்பளம் தருவது யார்? தனியார் நிறுவனங்களும் உலை நடத்த வரவிருக்கும் காலத்தில் இந்தக் கேள்வியின் எடை இன்னும் கூடும்.