ஆபிரகாம் பண்டிதர்: மருத்துவரான இசைவாணர்

ஆபிரகாம் பண்டிதர் (2 ஆகஸ்ட் 1859 – 31 ஆகஸ்ட் 1919) தஞ்சாவூரில் வாழ்ந்த சித்த மருத்துவர், இசையறிஞர், இசைப்பாடல் ஆசிரியர், பதிப்பாளர். இளமையில் வயலின் கற்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் அந்த வேலையை உதறிவிட்டு முழுநேர மருத்துவரானவர். மருத்துவத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு தமிழிசை ஆய்வில் இறங்கி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தொழிலை மாற்றிக்கொண்ட கலைஞர்கள் பலருக்குப் புதுத் தொழில் பழைய கலையை விழுங்கிவிடும். பண்டிதரிடம் நடந்தது அதற்கு நேர்மாறு: மருத்துவம்தான் அவருடைய இசைக்குப் பொருளும் தன்னுரிமையும் தந்தது.

இளமையும் கல்வியும்

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் முத்துசாமி – அன்னம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். கிறித்தவக் குடும்பம். தொடக்கக் கல்வியைச் சுரண்டையில் முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

அவருடைய பிற்கால வாழ்க்கைக்கான வித்துகள் அனைத்தும் திண்டுக்கல்லில் விழுந்தவை. அங்கே சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். புகைப்படக் கலையும் அச்சுத் தொழிலும் அவரை ஈர்த்தன. மூலிகைகள் மீது சிறு வயதிலிருந்தே இருந்த நாட்டம் அவரைச் சுருளிமலைக்கு இட்டுச் சென்றது. தேனிப் பகுதியில் உள்ள அந்த மலையில் கருணானந்தர் என்ற துறவியைச் சந்தித்து, அவரிடம் மருந்து முறைகளைக் கேட்டறிந்தார். ஆசான் மீது அவர் கொண்ட பற்று வாழ்நாள் முழுதும் குறையவில்லை. மருந்துகளுக்கும் மருந்துச் சாலைக்கும் தோட்டத்துக்கும் கடைசியில் இசை நூலுக்கும் அந்தப் பெயரின் சாயலே வந்தது.

தஞ்சைக்கு வருகை

1882 டிசம்பரில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கிருந்த லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பொன்னம்மாள் தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் மருந்து செய்து கொடுப்பது வழக்கமாயிற்று. நோயாளிகள் பெருகவே 1890இல் ஆசிரியர் வேலையை விட்டு விலகினார். மருந்து தயாரிப்பில் பொன்னம்மாளுக்கும் பெரும் பங்கு இருந்தது.

அவர் வந்து சேர்ந்த தஞ்சாவூர், அரசிழந்த தலைநகரம். மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அரண்மனையை நம்பியிருந்த வித்துவான்கள் ஜமீன்களையும் மைசூர், திருவிதாங்கூர் அரசுகளையும் சென்னைச் செல்வர்களையும் நாடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். இசையைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஊரில் அறிவு இருந்தது. அதைப் போற்றிச் செலவு செய்ய ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் பின்னாளில் ஒரு மருத்துவர் வந்து நின்றார்.

மருத்துவத் தொழில்

‘கருணாநிதி வைத்தியசாலை’ என்ற பெயரில் பண்டிதர் நடத்திய நிறுவனம் சஞ்சீவி மாத்திரைகளால் புகழ் பெற்றது. சென்னை மாகாணத்துக்கு வெளியிலும், இலங்கை, பர்மா போன்ற கடல் கடந்த நாடுகளிலும் அவருடைய மருந்துகள் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் அமைத்தார். கருணானந்தபுரம் என்று அவர் பெயரிட்ட அந்த இடம் ஊர் வாயில் ‘பண்டிதர் தோட்டம்’ ஆயிற்று. மூலிகைகளோடு பயிர்வகைகளையும் அங்கே வளர்த்துப் பார்த்தார். 1909இல் அரசு அவருக்கு ‘ராவ் சாகிப்’ பட்டம் அளித்தது.

சித்த மருத்துவத்தில் மாத்திரை செய்வது பொறுமையும் கணக்கும் கலந்த வேலை. சரக்குகளை ஒவ்வொன்றாகச் சுத்தி செய்து, நிறுத்து எடுத்து, கல்வத்தில் இட்டு, குறித்த மூலிகைச் சாறு விட்டு, குறித்த சாமங்கள் அரைக்க வேண்டும். சாமம் என்பது மூன்று மணி நேரம். அரைத்தது மெழுகுப் பதத்துக்கு வந்ததும் குன்றிமணி அளவிலோ சுண்டைக்காய் அளவிலோ உருட்டி நிழலில் உலர்த்த வேண்டும். எந்த நோய்க்குத் தேனில், எதற்கு இஞ்சிச் சாற்றில் என்று அனுபானமும் மாறும். நிறையோ நேரமோ பிசகினால் மருந்து மருந்தாகாது. இந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் இசைக்குள் வரும்போது, சுருதி என்பது எவ்வளவு என்ற கேள்வியோடு வந்ததில் வியப்பில்லை.

அன்றைய சித்த மருத்துவத்துக்கு அரசின் பதிவோ கல்லூரியோ கிடையாது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேனாட்டு மருத்துவம் கற்றவர்களுக்கே உரியதாக இருந்தது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் மாகாண அரசு குழு அமைத்தது 1921இல்; அதன் அறிக்கை 1923இல் வந்தது; அதையடுத்தே சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. பண்டிதர் இவை எதையும் காணவில்லை. மக்கள் நம்பிக்கையையும் தம் கைத்திறனையும் மட்டும் கொண்டு அவர் தொழிலை நிலைநிறுத்தினார்.

இசைக்குத் திரும்புதல்

மருத்துவம் தழைத்த நாட்களிலும் வயலின் அவர் கையை விட்டு முற்றிலும் விலகவில்லை. 1907இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ வெளிவந்தது. இசை பயில்வோருக்காகத் தமிழில் அவரே இயற்றிய பாடல்களின் தொகுப்பு அது. தெலுங்குப் பாடல்களையே பாடமாகக் கொண்டிருந்த அக்காலத்தில், மாணவர் தம் தாய்மொழியிலேயே இசையைத் தொடங்கலாம் என்று செய்து காட்டியது.

அப்போது தென்னாட்டு இசையை ஏட்டில் ஏற்றும் முயற்சிகள் ஆங்காங்கே நடந்துகொண்டிருந்தன. ஏ. எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை மேனாட்டுக் குறியீட்டில் பதிப்பிக்கத் தொடங்கியிருந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் அச்சேறியது. பாடல்களைக் காப்பது அவர்கள் நோக்கம். பண்டிதர் எடுத்துக்கொண்டது வேறு வேலை: அப்பாடல்கள் நிற்கும் சுருதிகளின் கணக்கையும் அவற்றின் வரலாற்றையும் கண்டறிவது.

சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

1912 மே மாதம் 27ஆம் நாள் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1912க்கும் 1916க்கும் இடையில் அதன் சார்பில் ஏழு மாநாடுகள் கூடின. வித்துவான்களும் சாத்திரம் கற்றவர்களும் ஒரே பந்தலில் அமர்ந்து சுருதி, இராக இலக்கணம், பழைய நூல்களின் பொருள் ஆகியவற்றை விவாதித்தார்கள். வந்தவர்களின் செலவைப் பண்டிதரே ஏற்றார். சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது 1928இல் என்பதை நினைத்தால், அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே ஒரு தனிமனிதர் எடுத்த இம்முயற்சியின் அருமை விளங்கும். அரசரோ ஜமீன்தாரோ இதற்குப் பின்னால் இல்லை. மாத்திரை விற்ற காசு இருந்தது. புரவலரின் முகம் பார்த்துப் பேச வேண்டிய நிலை இல்லாததால், அறிஞர்கள் ஏற்காத கருத்தையும் அவரால் உரக்கச் சொல்ல முடிந்தது.

பரோடா மாநாடு

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் அதை ஏற்பாடு செய்தவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. மகள் மரகதவல்லி உள்ளிட்ட குடும்பத்துப் பெண்களோடு பண்டிதர் அங்கே சென்று தம் சுருதிக் கொள்கையை விளக்கினார். பெண்கள் மேடையேறுவது எளிதாக இல்லாத அக்காலத்தில், நாடெங்குமிருந்து வந்த இசையறிஞர் அவையில் ஒரு தஞ்சைக் குடும்பத்துப் பெண்கள் ஆய்வுக்குச் சான்றாக இசைத்துக் காட்டியது தனியே குறிப்பிடத் தக்கது.

கருணாமிர்த சாகரம்

1917இல் வெளிவந்த இந்நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. இதை அச்சிட்டது பண்டிதரே நிறுவிய, மின்சாரத்தில் இயங்கிய லாலி அச்சகம். ஆக, ஆய்வும் மாநாடும் அச்சும் ஒருவருடைய கையிலேயே இருந்தன.

நூலின் மையக் கேள்வி: ஒரு தானத்தில், அதாவது கீழ்ச் சட்சத்துக்கும் மேல் சட்சத்துக்கும் இடையில், சுருதிகள் எத்தனை? பரத முனிவரின் நாட்டிய சாத்திரமும் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரமும் 22 என்கின்றன. அக்காலத்தில் கே. பி. தேவல், ஈ. கிளமெண்ட்ஸ் போன்றோர் இந்த 22ஐப் பின்ன எண்களில் வரையறுத்து எழுதிவந்தனர். பண்டிதர் அதை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் வரும் ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை ஆகிய நான்கையும் ஆராய்ந்து, பழந்தமிழர் தானத்தைச் சமமாகப் பகுத்தனர் என்று வாதிட்டார். ஆயப்பாலையில் 12 சுரங்கள். வட்டப்பாலையில் 24 அலகுகள். மற்ற இரண்டிலும் இன்னும் நுண்ணியவை. வட்டப்பாலையில் பாடும்போது இரண்டு அலகுகள் குறைந்து வருவதையே பிற்காலத்தார் மொத்தமே 22 என்று கொண்டுவிட்டார்கள் என்பது அவருடைய முடிவு.

இந்தச் சண்டை எவ்வளவு நுட்பமானது என்பதை வீணைத் தந்தியில் பார்க்கலாம். தந்தியின் சரிபாதியில் மேல் சட்சம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் பிறக்கும். தமிழில் இது இளி. 80 செ.மீ. நீளமுள்ள தந்தி என்றால், மூன்றில் இரண்டு பங்கு 53.33 செ.மீ. தானத்தை 24 சம அலகுகளாகப் பகுத்து 14ஆம் அலகில் பஞ்சமத்தை வைத்தால் அது 53.39 செ.மீ.க்கு வரும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பஞ்சமத்திலிருந்து அதன் பஞ்சமம், அதிலிருந்து அடுத்தது என்று பன்னிரண்டு முறை போனால் இந்தச் சிறு பிசகு பெருகி, தொடங்கிய சட்சத்துக்குத் திரும்ப முடியாமல் 12 சுரப் பகுப்பின் ஓர் இடைவெளியில் ஏறத்தாழ கால் பங்கு மேலே போய் நிற்கும். சமப் பகுப்பில் வட்டம் பிசிறின்றி முடியும். வட்டப்பாலை வட்டமாகவே முடிய வேண்டும் என்று பண்டிதர் வற்புறுத்தியதன் கணக்கு இதுதான்.

கருநாடக இசை என்று வழங்குவது பழந்தமிழர் இசையின் வழிவந்ததே என்பது நூலின் மற்றொரு பெரிய வாதம். பாலைகளும் பண்களும் பெயர் மாறி மேளங்களாகவும் இராகங்களாகவும் நிற்கின்றன என்று சான்றுகளை அடுக்கினார். இராகங்களின் அலகுகளை ஆராயும் இரண்டாம் தொகுதி அவர் மறைந்த பின்னர் மரகதவல்லியின் முயற்சியால் 1946இல் வெளிவந்தது.

மதிப்பீடு

பண்டிதரின் முடிவுகள் அனைத்தும் நிலைபெற்றுவிடவில்லை. சமப் பகுப்பு என்ற கருத்தைச் சிலப்பதிகார உரைக்குள் வைத்துப் படிப்பதைப் பல இசையறிஞர்கள் ஏற்பதில்லை. பாடகர் குரலில் கமகத்தோடு அசையும் சுரத்தை எந்த நிலையான அலகிலும் அடைக்க இயலாது என்பதும் வலுவான மறுப்பு. கடல்கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றி நூலில் வருவதை வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும், சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளைப் பாடலாசிரியரின் அலங்காரம் என்று ஒதுக்காமல், கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்க இசையிலக்கணமாக எடுத்துப் படித்த பெருமை அவருடையது. அவருக்குப் பின் அப்பகுதிகளைத் தொட்டவர் எவரும், உடன்படவோ மறுக்கவோ, அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், 1947இல் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ வெளிவந்தபோதும், களம் முன்பே உழப்பட்டிருந்தது. குடும்பத்திலும் ஆய்வு தொடர்ந்தது. மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றிப் ‘பாணர் கைவழி’ எழுதினார். பேரன் து. ஆ. தனபாண்டியன் இசைப் பேராசிரியராகி, நுண்ணலகுகளைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார்.

மருத்துவமும் இசையும்: பிற முயற்சிகள்

இசைக்கும் மருத்துவத்துக்கும் இடையே பிறரும் வழி கண்டிருக்கிறார்கள். சீடர் தம்பியப்பனின் வயிற்று வலி தீர முத்துசாமி தீட்சிதர் அடாணா இராகத்தில் குருபகவான் மீது கீர்த்தனை பாடினார் என்பது செவிவழி மரபு. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் இராக ஆய்வு மையம் அமைத்து, இராகங்கள் நோயாளிகளிடம் ஏற்படுத்தும் விளைவை ஆராய முனைந்தார். அமெரிக்காவில் ராக் குழுக்களில் கிதார் வாசித்துவந்த ஜோனதன் கோல்ட்மேன், மேடையை விட்டு ஒலிச் சிகிச்சைக்கு வந்து 1982இல் அதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். இவர்கள் வழியில் இசையே மருந்து.

பண்டிதரின் வழி வேறு. அவருடைய மருந்து வேரிலும் இலையிலும் சரக்கிலும் இருந்தது. இசையை அவர் நோய் தீர்க்கும் பொருளாக விற்கவில்லை. ஒன்றின் பெயரால் மற்றொன்றுக்குச் சிறப்புத் தேடாமல், இரண்டிலும் அளவையும் சான்றையும் கேட்டார். மருத்துவத்தின் வருவாய் ஆய்வுக்கு உணவாயிற்று. மருத்துவத்தின் ஒழுங்கு ஆய்வுக்கு முறையாயிற்று. தமிழிசையின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் சபாக்களையும் குறிப்பிடும் வரிசையில், தஞ்சையின் ஒரு மருந்துச் சாலையையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

1919 ஆகஸ்ட் 31இல் தம் அறுபதாம் வயதில் மறைந்தார். கருணானந்தபுரத்தில் அவர் வளர்த்த தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.