மனக்காயத்திலிருந்து மீள 'நியூரோஃபீட்பேக்': பயன் என்ன, வரம்பு என்ன?

தாணே: விபத்து, வன்முறை, பேரிடர் ஆகியவற்றில் உயிர் தப்பியவர்களுக்கு உடற்காயம் ஆறிய பின்னரும் உள்ளத்தில் நீடிக்கும் பாதிப்பு மனக்காயம் எனப்படுகிறது. இதற்கான துணைச் சிகிச்சைகளில் ஒன்றாக, 'நியூரோஃபீட்பேக்' எனும் மூளை அலைப் பின்னூட்டப் பயிற்சியை மும்பை, தாணே உள்ளிட்ட நகரங்களில் தனியார் மையங்கள் அளித்து வருகின்றன. பல வாரங்கள் நீளும் இப்பயிற்சிக்குக் குடும்பங்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டியுள்ளது. எனவே அதன் பயன் எந்த அளவுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மும்பைப் பெருநகரப் பகுதி இத்தகைய அதிர்ச்சிகளைப் பலமுறை சந்தித்துள்ளது. 2005 ஜூலை 26-ஆம் தேதி பெருவெள்ளம், 2006 ஜூலை 11-ஆம் தேதி மாட்டுங்கா ரோடு உள்ளிட்ட இடங்களில் புறநகர் ரயில்களில் நிகழ்ந்த 7 குண்டுவெடிப்புகள், 2008 நவம்பர் 26-ஆம் தேதி தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதல், 2013 ஏப்ரல் 4-ஆம் தேதி தாணே அருகே மும்பராவில் 74 பேர் உயிரிழந்த கட்டட விபத்து ஆகியவை அவற்றுள் சில.

மூளையில் நிகழ்வது என்ன?

பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் பலர் சில வாரங்களில் இயல்பு நிலைக்குத் திரும்பி விடுகின்றனர். ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு மாதத்துக்குப் பின்னரும் அறிகுறிகள் தொடர்கின்றன. நடந்தது மீண்டும் கண்முன் தோன்றுதல், கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், அந்த இடத்தையோ ரயிலையோ தவிர்த்தல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 'பிடிஎஸ்டி' என மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலையில், அச்சத்தை உணரும் 'அமிக்டலா' என்ற பகுதி மிகையாகச் செயல்படுவதையும், அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி வலுவிழப்பதையும் பல ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன.

பயிற்சி எப்படி நடைபெறுகிறது?

ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதை வெளியிட்டார். அந்த இ.இ.ஜி. முறையே நியூரோஃபீட்பேக்கின் அடிப்படை. தலையின் மேற்பரப்பில் பொருத்தப்படும் உணரிகள் மூளை அலைகளைப் பதிவு செய்ய, கணினி அவற்றை அந்தக் கணமே ஒலியாகவோ காட்சியாகவோ மாற்றித் தருகிறது. அலைகள் விரும்பிய அளவை எட்டும்போது திரையில் படம் தெளிவடையும், விலகும்போது மங்கும். இந்தப் பின்னூட்டத்தைத் தொடர்ந்து பெறும் மூளை, அமைதி நிலைக்குத் திரும்பப் படிப்படியாகப் பழகுகிறது என்பதே இதன் கோட்பாடு.

மின்சாரம் எதுவும் தலைக்குள் செலுத்தப்படுவதில்லை. மக்கள் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று குறிப்பிடும் மின்னதிர்வுச் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

வியட்நாம் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர்களிடம் பெனிஸ்டன், குல்கோஸ்கி ஆகியோர் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. நாள்பட்ட பிடிஎஸ்டி உள்ள 52 பேரிடம் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் மேற்கொண்ட ஆய்வு 2016-இல் வெளியிடப்பட்டது. வாரம் இரு முறை வீதம் 24 அமர்வுகள் முடிந்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 27.3 சதவீதத்தினரிடம் மட்டுமே பிடிஎஸ்டி எஞ்சியிருந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் இது 68.2 சதவீதமாக இருந்தது.

எனினும், எண்ணிக்கை சிறியது என்பதும், போலிப் பயிற்சியுடன் ஒப்பிடப்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் குறைகளாகும். சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கையும் சிகிச்சையாளரின் கவனிப்புமே ஓரளவு நலம் தரக்கூடும் என்பதால், போலிப் பயிற்சியுடனான ஒப்பீடு முக்கியமாகிறது. அமிக்டலாவின் செயல்பாட்டை இ.இ.ஜி. வழியே கணித்துப் பயிற்சி அளிக்கும் 'பிரிசம்' கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் அனுமதி அளித்தது. வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்துப் பயன்படுத்தும் துணைக் கருவியாகவே அந்த அனுமதி வழங்கப்பட்டது.

இந்தியாவில், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் உளவியலாளர்கள் விபத்தில் தலைக்காயம் அடைந்தவர்களின் நினைவாற்றல், கவனம் ஆகியவற்றை மீட்பதற்கு இப்பயிற்சியைப் பயன்படுத்தி ஆய்வு செய்துள்ளனர். தலைக்காயமும் மனக்காயமும் ஒருவருக்கே சேர்ந்து ஏற்படலாம் என்றாலும், இரண்டும் வெவ்வேறானவை. ஒன்றில் கிடைத்த பலனை மற்றொன்றுக்கான சான்றாகக் கொள்ள இயலாது.

முதலில் எது?

மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவைப் பயன்படுத்தும் 'இஎம்டிஆர்' முறையையும் உலக சுகாதார அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது. தேவைப்படுவோருக்கு மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. நியூரோஃபீட்பேக் இவற்றுக்கு மாற்றாகாது. பேச்சுவழிச் சிகிச்சையால் போதிய பலன் பெறாதவர்களும், நடந்ததை விவரிக்க இயலாத அளவுக்குப் பதற்றம் கொண்டவர்களும் மருத்துவர் ஆலோசனையுடன் கூடுதலாக இதை முயலலாம்.

தலைவலி, சோர்வு, தூக்கக் குறைவு ஆகியவை சிலருக்குத் தற்காலிகமாக ஏற்படலாம். ஆழ்ந்த தளர்வு நிலையில் பழைய நினைவுகள் திடீரென மேலெழவும் கூடும். எனவே மனநல மருத்துவரின் மதிப்பீடு இன்றிப் பயிற்சியைத் தொடங்குவது உகந்ததல்ல. வலிப்பு நோய் உள்ளவர்கள் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும். பயிற்சி அளிக்கும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, எத்தனை அமர்வுகளுக்குப் பின் பலன் மதிப்பிடப்படும், முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்த வேண்டுமா ஆகியவற்றைக் கேட்டறிவது நல்லது. குணம் உறுதி என வாக்களிக்கும் மையங்களைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே அணுகலாம்?

தாணேயில் 1901-இல் தொடங்கப்பட்ட வட்டார மனநல மருத்துவமனை மகாராஷ்டிர அரசின் கீழ் இயங்குகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்களுக்கு சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகில் உள்ளது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக அங்கீகரிக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. ஆயினும் நியூரோஃபீட்பேக் செலவு தங்கள் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்பதை, பயிற்சியில் சேருமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக உறுதி செய்துகொள்வது பயனளிக்கும்.