ஆறு ரவைகளும் நியூயோர்க் பொலிசாரும்

பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் இடையில் தொங்கும் கைத்துப்பாக்கியைப் போர்வீரனுடைய ஆயுதத்தின் சிறிய வடிவம் என்றே பலரும் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் இராணுவம் சுழல்துப்பாக்கிக்குப் பதிலாகப் பாதித் தானியங்கிப் பிஸ்டலைத் தன் முறையான ஆயுதமாக ஏற்றது 1911ஆம் ஆண்டில். அந்நாட்டின் மிகப் பெரிய நகரப் பொலிஸ் படையாகிய நியூயோர்க் பொலிஸ் அதனை ஏற்றதோ 1993ஆம் ஆண்டில். இடையிலே 82 ஆண்டுகள். இரண்டு உலகப் போர்கள். செல்வத்திற் குறைவில்லாத ஒரு மாநகரம் பழைய ஆயுதத்தை இத்தனை காலம் ஏன் பற்றிக்கொண்டிருந்தது? அறியாமை என்று ஒரு சொல்லில் இதற்கு விடை கூறிவிட முடியாது.

சுழல்துப்பாக்கியின் அமைப்பு எளிமையானது. ஆறு அறைகள் கொண்ட ஓர் உருளை. அறைக்கு ஒரு ரவை. விசையை இழுக்குந்தோறும் உருளை சுழன்று அடுத்த ரவையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். ஒரு ரவை வெடிக்கத் தவறினாலும் பாதகமில்லை. மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலின் வழி வேறு. கைப்பிடிக்குள்ளே செருகிய மகசினில் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு ரவை வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பே வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த ரவையை உள்ளே தள்ளும். வேகமும் கொள்ளளவும் பிஸ்டலுக்கு உரியவை. ஆனால், எறிய வேண்டிய கூடு இடையில் சிக்கிக்கொண்டால் அதனை அகற்றத் தெரிந்த பயின்ற கை வேண்டும்.

சுழல்துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றவர் சாமுவேல் கோல்ட். சிறுவனாகக் கல்கத்தாவுக்குக் கப்பலேறிச் சென்றபோது அதன் மாதிரியை அவர் மரத்திலே செதுக்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. அவர் தொடங்கிய முதற் கம்பனி நொடித்துப்போயிற்று. டெக்சாஸ் எல்லைக் காவலர் அவ்வாயுதத்தின் பயனை உணர்ந்து விரும்பிய பின்னரே அவருக்கு மறுவாழ்வு கிடைத்தது.

நியூயோர்க் பொலிசாரோ நெடுங்காலம் ஒரே வகைத் துப்பாக்கி இன்றியே இருந்தனர். அவரவர் வாங்கிய ஆயுதம் அவரவர் சட்டைப்பையில். இந்த அலங்கோலத்துக்கு முடிவு கட்டியவர் 1895இல் பொலிஸ் ஆணையாளர் சபையின் தலைவராக வந்த தியோடர் ரூஸ்வெல்ட். பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியானவர். அவர் காலத்திலேயே கோல்ட் கம்பனியின் சுழல்துப்பாக்கி படை முழுவதற்கும் பொது ஆயுதமாயிற்று. குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் தொடங்கியது. துப்பாக்கி ஏந்திய பொலிஸ்காரன் சுடத் தெரியாதவனாயிருந்தால் அவன் கள்வனைவிட வழிப்போக்கனுக்கே ஆபத்தானவன் என்பதை அம்மனிதர் உணர்ந்திருந்தார் போலும்.

அடுத்து வந்தது சிமித் அன்ட் வெசன் கம்பனி 1899இல் அறிமுகஞ் செய்த .38 சுழல்துப்பாக்கி. ‘இராணுவமும் பொலிசும்’ என்பதே அதற்கு இட்ட பெயர். இராணுவம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை, பொலிசாரோ கைவிடவேயில்லை. 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன என்பர். இப்பற்றுக்குக் காரணமுண்டு. போர்வீரனின் ஆயுதம் களத்தில் ஓயாது வெடிப்பது, ஓயாது துடைக்கப்படுவது. பொலிஸ்காரனின் ஆயுதமோ மழையிலும் வியர்வையிலும் ஆண்டுக்கணக்காகத் தோலுறைக்குள்ளே உறங்குவது. சேவைக்காலம் முழுவதிலும் பயிற்சிக் களத்துக்கு வெளியே ஒரு முறையேனும் சுடாமல் ஓய்வு பெறுவோர் மிகப் பலர். இருபதாண்டு உறங்கிய ஆயுதம் ஒரு நாள், ஒரு கணத்தில், தவறாது விழித்தெழ வேண்டும். அந்த நம்பிக்கையைச் சுழல்துப்பாக்கி தந்தது. அதன் விசை கனமானது; பதற்றத்தில் விரல் தவறிப் பட்டாலும் எளிதில் வெடிக்காது. தனியாக ஒரு பாதுகாப்புப் பொறியை விலக்க நினைவு வைத்திருக்க வேண்டியதுமில்லை.

இந்நம்பிக்கையைக் குலைத்த முதற் பேரதிர்ச்சி கலிபோர்ணியாவில் நேர்ந்தது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில், நியூஹோல் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைப் பொலிசார் ஒரு காரை நிறுத்தினர். உள்ளே இருந்தவர்கள் ஆயுதந் தாங்கிய குற்றவாளிகள் இருவர். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு உத்தியோகத்தர்கள் மாண்டனர். நால்வருக்கும் வயது இருபத்துமூன்றோ இருபத்துநான்கோதான். அவர்களுள் ஒருவர் தம் சுழல்துப்பாக்கியின் ஆறு ரவைகளையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, இடைப்பையிலிருந்து ரவைகளை எடுத்து ஒவ்வொன்றாய் நிரப்பிய வேளையிலே கொல்லப்பட்டார்.

அவருடைய சட்டைப்பையில் வெறுங்கூடுகள் இருந்தன என்றும், பயிற்சிக் களத்தில் கூடுகளைச் சேகரிக்கும் பழக்கம் சாகுந் தறுவாயிலும் அவரை விடவில்லை என்றும் ஒரு கதை பயிற்சிக் கூடங்களிலெல்லாம் சொல்லப்பட்டு வந்தது. அஃது உண்மையன்று, கூடுகள் நிலத்திலேயே கிடந்தன. ஆயினும் அக்கதை பரவிய விதம் கவனிக்கத்தக்கது. மாண்டவர் மீது ஒரு பழக்கத்தின் குற்றத்தைச் சுமத்துவது எளிதாயிருந்தது. ஆறு ரவைகளோடு அவரை அனுப்பிய முறையைக் கேள்வி கேட்பது எளிதாயிருக்கவில்லை. கலிபோர்ணியப் படை இதன் பின்னர் ஆறு ரவைகளையும் ஒருங்கே இடும் விரைவு நிரப்பியை ஏற்றது. துப்பாக்கியை மாற்றவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி மயாமி நகரில், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி. வங்கிக் கொள்ளையர் இருவரை மத்திய புலனாய்வுப் பணியகத்தின் எட்டு உத்தியோகத்தர்கள் வீதியிலே மறித்தனர். கொள்ளையரில் ஒருவன் கையில் ரைபிள் இருந்தது. உத்தியோகத்தரில் இருவர் மாண்டனர்; ஐவர் காயமுற்றனர். சுழல்துப்பாக்கியோடு போரிட்டவர்களில் கையிற் காயம்பட்டவர்கள், இரத்தம் வழியும் விரல்களால் ரவைகளை மீண்டும் நிரப்ப இயலாது தவித்தனர்.

சுழல்துப்பாக்கியின் காலம் முடிந்தது என்பதே இச்சம்பவத்திலிருந்து நாடு கற்றுக்கொண்ட பாடம். ஆனால் நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கினால் பாடம் அத்தனை நேரானதன்று. மாண்ட உத்தியோகத்தர் இருவரும் ஏந்தியிருந்தவை 9 மில்லிமீற்றர்ப் பிஸ்டல்கள். கொள்ளையரைக் கடைசியில் வீழ்த்தியவரோ, ஒரு கை செயலிழந்த நிலையில், மற்றக் கையிலே சுழல்துப்பாக்கி பிடித்து அதன் ஆறு ரவைகளையும் சுட்டவர். ரைபிளுக்கு முன்னால் எந்தக் கைத்துப்பாக்கியும் சிறியதே என்பதை ஏனோ பலர் பேசவில்லை. பணியகம் பெரிய ரவை வகையொன்றைத் தேடிச் சென்றது. மூன்று பத்தாண்டுகளுக்குள் 9 மில்லிமீற்றருக்கே திரும்பி வந்தது.

எப்படியாயினும் அலை திரும்பிவிட்டது. ஒஸ்திரிய நாட்டு இராணுவத்துக்காக 1980களின் தொடக்கத்தில் உருவான குளொக் பிஸ்டல், பிளாஸ்டிக் உடலும் 17 ரவைகளும் கொண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. படைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின.

நியூயோர்க் தயங்கியது. அங்கும் 1986இல், 9 மில்லிமீற்றர்ப் பிஸ்டல் ஏந்திய ஒருவனைத் துரத்திச் சென்ற இளம் உத்தியோகத்தர் ஒருவர், தம் ஆறு ரவைகளும் தீர்ந்து மீண்டும் நிரப்பும்போது கொல்லப்பட்டார். உத்தியோகத்தர்கள் கொதித்தனர், எங்கள் உயிருக்கு ஆறு ரவைகளே விலையா என்று கேட்டனர். படைத் தலைமையின் அச்சமும் வெறும் அச்சமன்று. தோளோடு தோள் உரசும் நடைபாதைகள், ஒரே சுவருக்கு அப்பாலும் இப்பாலும் குடித்தனங்கள் உள்ள நகரம் அது. குறி தவறிய ஒவ்வொரு ரவையும் எங்கோ ஓரிடத்தில் தங்கியே ஆக வேண்டும். ஆறு ரவைகளை உடையவன் எண்ணிச் சுடுவான். பதினாறு உடையவன் எண்ணுவானா?

வேடிக்கை என்னவெனில், அதே நகரின் சுரங்கப் புகைவண்டிப் பொலிசார் அக்காலத்தில் தனிப் படையாக இருந்தமையால் 1990களின் தொடக்கத்திலேயே பிஸ்டலுக்கு மாறிவிட்டனர். நிலத்துக்குக் கீழே புதிய ஆயுதம், நிலத்துக்கு மேலே பழைய ஆயுதம் என்ற நிலை சிறிது காலம் நீடித்தது. 1993இல் ஆணையாளர் ரேமண்ட் கெலி இணங்கினார்.

தலைமை அஞ்சியதற்கு ஓர் உருவம் 1999ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி கிடைத்தது. கினி நாட்டிலிருந்து வந்து நியூயோர்க்கில் வாழ்ந்த அமடு டியாலோ என்னும் இளைஞர், புரொங்ஸ் பகுதியில் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். சாதாரண உடையணிந்த பொலிசார் நால்வர் அவரை அணுகினர். அவர் எடுத்த பணப்பையைத் துப்பாக்கி என்று எண்ணி அவர்கள் சுட்ட ரவைகள் 41; உடலிற் பாய்ந்தவை 19. இருவர் தத்தம் பிஸ்டலில் இருந்த 16 ரவைகளையும் சுட்டுத் தீர்த்திருந்தனர். டியாலோவிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. மறு ஆண்டில் நால்வரும் குற்றவாளிகளல்லர் என விடுவிக்கப்பட்டனர். நால்வரிடமும் சுழல்துப்பாக்கியே இருந்திருந்தால் 24க்கு மேற்பட்ட ரவைகள் பாய்ந்திருக்க இயலாது. டியாலோ பிழைத்திருப்பாரா என்பதற்கு அக்கணக்கு விடை கூறாது. ஒரு தவறு எந்த எல்லையில் நின்றிருக்கும் என்பதை மட்டுமே அது காட்டும்.

இவ்வெல்லையைத் தெரிந்தே வகுத்துக்கொண்ட நாடொன்று உண்டு. போருக்கு முன் யப்பானியப் பொலிசார் வாள் அணிந்தவர்கள். தோல்விக்குப் பின் நேசப்படைகளின் ஆட்சியில் அமெரிக்கக் கைத்துப்பாக்கிகள் அவர்களுக்கு வந்தன. 1960இல் நம்பு என்னும் பெயருடைய, ஐந்தே ரவைகள் கொள்ளும் சுழல்துப்பாக்கியை அந்நாடு தானே செய்துகொண்டது. இன்றும் அங்கே சீருடைப் பொலிசார் பெரும்பாலோரின் இடையில், கயிற்றால் பிணைத்த ஐந்து ரவைச் சுழல்துப்பாக்கியே காணப்படும். குடிமக்களிடம் கைத்துப்பாக்கி ஏறத்தாழ இல்லாத நாட்டில் அது போதுமானதாயிருக்கிறது. நியூயோர்க்குக்கு அந்த வசதி ஒருபோதும் வாய்க்கவில்லை.

ஆகவே நியூயோர்க் வேறொரு நடுவழியைக் கண்டது. 1993க்குப் பின் கொடுத்த பிஸ்டல்களின் விசையை, வேண்டுமென்றே 12 இறாத்தல் அளவுக்குக் கனமாக்கியது. சாதாரண குளொக் பிஸ்டலின் விசை இதில் ஏறத்தாழப் பாதிக் கனமே உடையது. புதிய ஆயுதத்தின் உள்ளே பழைய சுழல்துப்பாக்கியின் இழுவையைப் புகுத்தினர் எனலாம். கனத்த விசை குறியைக் கெடுக்கிறது என்று பயிற்சியாளர் பலர் பின்னர் குறைகூறியதும் உண்டு.

மாற்றத்துக்கு முன் சேவையில் சேர்ந்தவர்கள் விரும்பினால் சுழல்துப்பாக்கியையே வைத்திருக்கலாம் என்று சலுகை வழங்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் அவர்களின் தொகை அருகியது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சேர்ந்து நரைத்துவிட்ட ஒரு சிறு தொகையினர், நன்கு பழகிய ஆயுதத்தை மாற்ற மனமின்றி, கடைசிவரை அதனோடு கடமைக்கு வந்தனர். சலுகை 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தோடு முடிவுற்றது. அவர்களும் பயிற்சிக் களத்துக்கு அழைக்கப்பட்டு, மகசினைச் செருகவும் சிக்கிய கூட்டை விடுவிக்கவும் புதிதாகக் கற்றுக்கொண்டனர்.