ஏந்திய கைகள்

மருத்துவச்சியின் கைத்தொழிலை எழுத்துக் கலைக்கும் மருத்துவக் கலைக்கும் ஒப்ப வைத்துப் பேசிய வரலாற்றாசிரியர் ஒருவர் உண்டு. துனீஸில் பிறந்த இப்னு கல்தூன் அவர்கள், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா கோட்டையில் தங்கி ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) எழுதிய 'முகத்திமா'வில் இதனைக் காண்கிறோம். உழவும் நெசவும் வாழ்வுக்கு இன்றியமையாத தொழில்கள். பேறு பார்த்தலோ, தான் கையாளும் பொருளாலேயே சிறப்புற்ற தொழில் என வகுக்கிறார் அவர்.

அரபியில் மருத்துவச்சிக்குக் 'காபிலா' என்று பெயர். ஏற்றுக்கொள்பவள் என்பது பொருள். தாய் கொடுக்கிறாள், இவள் ஏற்கிறாள் என்பது அவர் தரும் விளக்கம். (நம் தமிழிலும் ஈனுதலும் ஈதலும் ஒலியால் அண்டை வீட்டார் அல்லவா?)

நோவு கடுக்கையில் முதுகையும் இடுப்பையும் நீவிவிடுகிறாள். குழந்தை வெளிவந்த பின்னும் அவள் எழுந்து போவதில்லை. நஞ்சுக்கொடி சற்றுத் தாமதித்தே வெளிப்படும். அதற்குள் வழி சுருங்கிவிட்டால் அது உள்ளே தங்கி அழுகித் தாயின் உயிரையே பறிக்கலாம். ஆகவே மீண்டும் நீவி அதனை வெளிப்படுத்துகிறாள். நஞ்சுக்கொடி தங்குவதால் நேரும் குருதிப்போக்கையும் சீழ்நோயையும் இன்றைய மருத்துவமும் அஞ்சவே செய்கிறது.

பால்குடி மறக்கும்வரை குழந்தையின் நோய்களைத் தேர்ந்த ஹகீமைவிட இவளே நன்கறிவாள் என்பதும் அவர் தீர்ப்பு. ஹகீம்களுக்கு இது கசந்திருக்கக் கூடும்!

அதே அத்தியாயத்தில் பாராபியையும் இப்னு ஸீனாவையும் பெயர் சுட்டி வாதிடுகிறார். இத்துணை நுணுக்கங்களையும் கைப்பழக்கத்தால் கண்டறிந்த மருத்துவச்சியருள் ஒருத்தியின் பெயரேனும் அங்கே நமக்குக் கிட்டவில்லை.