கடல் கடந்த குழம்பு: செஞ்சிச் சீமையும் கரீபியத் தீவுகளும்



கரீபியக் கடலில் மார்த்தினிக், குவாதலூப் என்று இரண்டு தீவுகள் இருக்கின்றன. பிரெஞ்சு அரசின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்குள்ள வீடுகளில் விருந்து நாட்களில் மீனையும் இறாலையும் காய்கறிகளோடு சேர்த்து ஒரு கெட்டியான சாற்றில் வேகவைத்துச் சோற்றுடன் பரிமாறுவார்கள். அதன் பெயர் 'கொலொம்போ'. இலங்கைத் தலைநகரின் பெயரே அவ்வுணவுக்கு வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் வீட்டுக் 'குழம்பு' என்ற சொல்லே. பிரெஞ்சு நாவிலும் தீவின் கிரியோல் நாவிலும் புரண்டு புரண்டு கொலொம்போ ஆயிற்று.

அனந்தபுரம், செஞ்சி, மேல்மலையனூர் என்று விரியும் நம் வட்டாரத்திற்கும் அந்தத் தீவுகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அதில் நம் முன்னோர் ஆண்ட காலமும் இருக்கிறது. நம் மண்ணின் ஏழைகள் சிந்திய கண்ணீரும் இருக்கிறது.

வாசல் திறந்த வரலாறு

செஞ்சிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான்களின் கைக்கு வந்தது. அவர்களுடைய ஆட்சி இப்பகுதியில் நடந்த நாட்களில், வாலிகண்டபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டவர் ஷேர்கான் லோடி. கடலோரத்தில் சிறு ஊராக இருந்த புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தங்கி வணிகம் செய்ய இடம் கொடுத்தவர் அவரே. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே நிலைகொண்டார். ஒரு முஸ்லிம் ஆளுநர் வணிகத்திற்காகத் திறந்துவிட்ட அந்த வாசல், பின்னாளில் எத்தனை ஆயிரம் தமிழரை வெளியேற்றும் வாசலாக மாறும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்க இயலாது.

1677இல் செஞ்சி மராத்தியர் வசமாயிற்று. நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் அதனைக் கைப்பற்றினார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் கோட்டைக்குள் நிற்கிறது. 1750இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டைக்குள் புகுந்தது. 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதன்பின் செஞ்சி தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக ஆங்கிலேய ஆட்சியில் இருக்க, புதுச்சேரி மட்டும் பிரெஞ்சுத் துறைமுகமாகத் தொடர்ந்தது.

கரும்புத் தோட்டங்களுக்குப் போன கப்பல்கள்

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களிற் பலர் பழைய எசமானர்களின் கரும்புத் தோட்டங்களில் மீண்டும் உழைக்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் மலிவான கைகளைத் தேடினர். அவர்களுடைய கண் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் மீது விழுந்தது.

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியரை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக்கின் சேன் பியேர் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் இறுதியில் அதே கப்பல் குவாதலூப்பிற்கும் ஆட்களைக் கொண்டு சென்றது. 1861இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆங்கிலேய இந்தியப் பகுதிகளிலும் ஆள் திரட்டப் பிரெஞ்சுக்காரருக்கு வழி செய்தது. தென்னாற்காட்டு, தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களின் கூலிகள் அவ்வழியே துறைமுகம் சென்றனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், போக மனமில்லாதவர்களையும் போகச் செய்தது. 1880களின் இறுதியில் இப்பயணங்கள் நிற்கும்வரை, மார்த்தினிக்கிற்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்பிற்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றனர். கல்கத்தா வழியாகச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. எனினும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதே சொல்லப்பட்ட பேச்சு. மேஸ்திரிகளின் இனிய வார்த்தைக்கு மயங்கியவர்களும், ஏமாற்றப்பட்டுக் கப்பலேறியவர்களும் பலர். பல மாதக் கடற்பயணத்திலும் தோட்டங்களிலும் நோயால் மாண்டவர்களின் தொகை பெரிது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப முடியாதவர்களே மிகுதி.

கூலியாளின் வியர்வை உலர்வதற்கு முன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிடுமாறு நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். சுதந்திரமான மனிதனை விற்று அதன் விலையை உண்டவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கப்பல்களின் வரலாற்றைப் படித்தால், சர்க்கரையின் இனிப்புக்குப் பின்னால் இருந்த கசப்பு விளங்கும்.

மடியில் சென்றவையும் மண்ணில் கிடைத்தவையும்

தோட்டங்களில் அவர்களுக்குப் படியாகக் கிடைத்தவை அரிசியும் உப்பிட்ட மீனும். ஊரின் நாக்கு அதை அப்படியே ஏற்குமா? கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துப் பொடியாக்கினார்கள். வறுத்த அரிசியையும் சேர்த்து அரைப்பது உண்டு. சாறு கெட்டியாவதற்கு அது உதவும். தேங்காயும் புளியும் எப்போதும் கைக்கு எட்டுமென்று சொல்ல முடியாது, எலுமிச்சை எட்டியது. ஆப்பிரிக்க வழிவந்த அண்டை வீட்டார் பூண்டும், வெங்காயத் தாளும், தைம் தழையும், காரமான குண்டு மிளகாயும் கொடுத்தார்கள். இரு சாராரும் ஒரே தோட்டத்தில் வதைபட்டவர்கள். அடுப்பங்கரையில் அவர்கள் ஒன்றானதன் விளைவே கொலொம்போ. இன்று அது இந்தியருக்கு மட்டும் உரியதன்று. அத்தீவுகளின் அனைவருக்கும் உரிய உணவு.

இதில் வியப்பான ஒன்று உண்டு. மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. கொலம்பஸ் மிளகைத் தேடிப் புறப்பட்டுக் கரீபியத் தீவுகளில் கண்டது மிளகாயையே. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அது இந்தியா வந்து, மிளகின் பெயரையே ஒட்டிக்கொண்டு மிளகாய் ஆயிற்று. நாம் அன்றாடம் சமைக்கும் பரங்கிக்காய், சௌசௌ, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் கொடைகளே. அங்கிருந்து காய் வந்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்து இங்கிருந்து குழம்பு சென்றது. மனித குலத்தைப் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த அறிமுகம் பல வேளைகளில் சட்டியின் வழியாகவே நிகழ்ந்திருக்கிறது.

நிலைத்த சுவையும் மறைந்த தொழுகையும்

சென்றவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிம்களும் சிறு தொகையினராய் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிறித்தவப் பெயர்கள் இடப்பட்டன. தகப்பனாரின் தமிழ்ப் பெயர் குடும்பப் பெயராக எஞ்சியது. பேரப் பிள்ளைகளின் காலத்தில் தமிழ் வீட்டு மொழியாகவும் இல்லாமற் போயிற்று. இந்திய வம்சாவளியினர் குடியுரிமைக்கே போராட வேண்டியிருந்தது. குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பார் 1904இல் தொடங்கிய வழக்கு, 1923இல்தான் அவர்களுக்கு வாக்குரிமையைப் பெற்றுத் தந்தது.

அத்தீவுகளில் மாரியம்மன் வழிபாட்டின்போது 'நகூர்மீரா' என்ற பெயரையும் கூறி, கொடிமரம் நாட்டும் வழக்கம் இன்றும் உண்டு. அது நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் பெயரே. கடலில் தத்தளித்த கப்பலைக் காத்தவர் என்று சோழமண்டலக் கடலோடிகள் போற்றிய அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே அம்மக்கள் கருங்கடலைத் தாண்டியிருக்கிறார்கள். பெயர் நின்றது, அந்தப் பெரியார் எதற்காக வாழ்ந்தார்களோ அந்தத் தவ்ஹீது அங்கே சென்று சேரவில்லை. இதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. அவர்களைக் குறை கூற நமக்கு என்ன தகுதி? ஓதிக்கொடுக்க ஓர் ஆலிம் இல்லை. கூடித் தொழ ஒரு பள்ளி இல்லை. சொல்லிக்கொடுக்க மொழியும் இல்லை.

ஆங்கிலேயர் ஆண்ட டிரினிடாட், கயானா ஆகியவற்றின் நிலை வேறு. 1845 மே 30ஆம் நாள் டிரினிடாடிற்கு முதன்முதல் இந்தியரைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் 'ஃபத்ஹுர் ரஸ்ஸாக்'. உணவளிக்கும் இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்றைத் தாங்கிய கப்பல் அது. அங்குச் சென்ற முஸ்லிம்கள் தொகையிலும் கூடுதல். ஒருங்கே வாழவும் வாய்ப்புப் பெற்றனர். அவர்கள் பள்ளிவாசல்களை எழுப்பினார்கள், மக்தபுகளை நடத்தினார்கள். இன்றும் அங்கே பாங்கொலி கேட்கிறது. ஒரு தீவில் குழம்பு மட்டும் எஞ்சியது. மறு தீவில் குழம்போடு கலிமாவும் எஞ்சியது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஜமாஅத்தும் மக்தபும் ஆகும். சுவை தானாகவே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். தீன் கற்றுக்கொடுத்தால்தான் போய்ச் சேரும்.

கடல் உணவும் மார்க்கமும்

கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டவை என்பது அல்மாயிதா 96ஆம் வசனத்தின் கருத்து. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படை, ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற அளவுக்குப் பசியில் வாடியபோது, கரை ஒதுங்கிய ஒரு மாபெரும் கடல் உயிரினத்தைப் பல நாட்கள் உண்டது. மதீனா திரும்பியபின் நபி (ஸல்) அவர்களும் அதிலிருந்து கேட்டு வாங்கி உண்டார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே.

நம் கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் மிகுதி; அவர்களிடம் கடல்வாழ் உயிரினங்களில் பெரும்பாலானவை ஹலால். செஞ்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. அவர்களிடம் மீன் மட்டுமே ஆகும். இறாலை மீன் வகையில் சேர்த்து அனுமதித்த ஹனஃபி அறிஞர்களும் உண்டு. தவிர்ப்பது பேணுதல் என்றவர்களும் உண்டு. நண்டும் சிப்பியும் ஹனஃபிகளுக்கு ஆகா. இரு மத்ஹபினரும் கூடும் விருந்தில் மீனை மட்டும் இட்டுச் சமைப்பது அனைவருக்கும் நலம். பிரெஞ்சுச் சமையற் குறிப்புகள் சிலவற்றில் ரம்மோ திராட்சை மதுவோ சேர்க்கச் சொல்வார்கள். அது நமக்கு வேண்டியதில்லை, குழம்பின் சுவைக்கும் அது தேவையில்லை.

வீட்டில் சமைக்கும் முறை

பொடிக்கு: கொத்தமல்லி விதை 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, அரிசி 1 மேசைக்கரண்டி, கடுகும் மிளகும் தலா 1 தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2. இவற்றைத் தனித்தனியே இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் 1 தேக்கரண்டி மஞ்சள் தூளுடன் அரைத்துக்கொள்ளவும். வெந்தயம் கருகினால் கசக்கும். அதில் மட்டும் கவனம் தேவை.

வஞ்சிரம் அல்லது பாறை மீன் அரைக் கிலோவைத் துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, உப்பு சேர்த்து அரை மணி நேரம் ஊறவிடவும். இது கரீபிய வழக்கம். தீவினர் சேர்க்கும் தடித்த இலைத் தைம் வேறொன்றுமில்லை, நம் முற்றத்துக் கற்பூரவள்ளியே. அதில் நான்கு இலைகளை நறுக்கிக்கொள்ளவும்.

எண்ணெயில் வெங்காயத்தையும் வெங்காயத் தாளையும் வதக்கி, மூன்று மேசைக்கரண்டி பொடியைச் சிறிது நீரில் குழைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கிளறவும். சௌசௌ ஒன்று, பரங்கிக்காய் ஒரு கீற்று, கத்தரிக்காய் இரண்டு, தோல் சீவிய சேப்பங்கிழங்கு நான்கு ஆகியவற்றைத் துண்டுகளாக்கிச் சேர்த்து, மூழ்கும் அளவு நீரும் கற்பூரவள்ளியும் ஒரு பிரிஞ்சி இலையும் இட்டு மூடி வைக்கவும். மிளகாயை நறுக்காமல் முழுதாகவே மேலே மிதக்கவிட வேண்டும். மணம் இறங்கும், காரம் அளவோடு நிற்கும். கிழங்கு வெந்ததும் மீனைச் சேர்த்துச் சுமார் எட்டு நிமிடம் சிறுதீயில் வைத்தால் போதும். மீன் சேர்த்தபின் கரண்டியால் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றவும். இறக்கியபின் எலுமிச்சைச் சாற்றை மீண்டும் சிறிது பிழிந்து, வெள்ளைச் சோற்றுடன் பரிமாறவும்.

புளியும் தேங்காய்ப் பாலும் இல்லாத இந்தக் குழம்பு முதல் வாயில் அந்நியமாகத் தோன்றும். இரண்டாம் வாயில் வெந்தயமும் கொத்தமல்லியும் தம்மை இன்னாரென்று அறிவிக்கும்.

சாற்றில் சற்று நீர் கூட்டுவோம்

குழம்பு சமைத்தால் அதில் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தென்னாற்காட்டின் கூலிக் குடும்பங்கள், உடைமை எதுவும் இல்லாத நிலையிலும் தம் சட்டியை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்டன. அதனாலேயே ஒரு தீவு முழுவதும் அக்குழம்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

இன்று நம் வட்டாரப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். நம் ஊர்களுக்கோ வட மாநிலத் தொழிலாளர்கள் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வருகிறார்கள். போகும் நம் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொடியோடு தொழுகையின் பழக்கத்தையும் வைத்து அனுப்புவோம். வரும் தொழிலாளருக்குக் கூலியைக் குறைக்காமல் காலத்தில் கொடுப்போம். நம் சட்டியில் ஒரு கரண்டியும் அவர்களுக்கு எடுத்து வைப்போம்.

கடலுக்கு அப்பால் பெயரும் அடையாளமும் இழந்து மண்ணுக்குள் உறங்கும் அந்த ஏழை முஸ்லிம்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கப்றுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம்முடைய ரிஸ்க்கை ஹலாலாகவும், பகிர்ந்துண்ணும் மனத்துடனும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.